தாதியின் கொப்பியும் புற்றுநோய் விடுதியும்

புற்றுநோய் பற்றிய செய்தியொன்று எனது மேசைக்கு வராத மாதம், பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த முப்பது ஆண்டுகளில் இருந்ததாக நினைவில்லை. புதிய கட்டடத்தின் திறப்பு விழா, நன்கொடையாகக் கிடைத்த இயந்திரம், மருந்துத் தட்டுப்பாடு, அமைச்சரின் வாக்குறுதி என்பனவே பெரும்பாலும் அச்செய்திகளாக இருந்தன. தாதியர் எமது பக்கங்களுக்குள் இரண்டு சந்தர்ப்பங்களில் மாத்திரமே வந்தனர். ஒன்று வேலைநிறுத்தம், மற்றையது மே மாதம் 12ஆம் திகதி கொண்டாடப்படும் சர்வதேச தாதியர் தினம். தாதி ஒருவர் தமது விடுதியில் ஒன்றை அவதானித்தார், அதனை ஆராய்ந்தார், அதன் பயனாக நோயாளரின் துன்பம் குறைந்தது என்றொரு செய்தியை நான் எழுதியதுமில்லை. பிறர் எழுதியதைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியதுமில்லை.

இத்தனைக்கும் அத்தகைய செய்தியொன்று என் கண்முன்னே நடந்தது. அதனைக் காலந்தாழ்த்தியேனும் இங்கு எழுதிவைக்க விரும்புகிறேன்.

2014ஆம் ஆண்டு எனது மூத்த சகோதரிக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சத்திரசிகிச்சை, இரசாயன சிகிச்சை, கதிர்ச் சிகிச்சை எல்லாம் முடிந்து, வருத்தம் மாறிற்று என நாம் நம்பியிருந்த வேளையில், 2016இல் அது எலும்புகளில் மீண்டும் தலைகாட்டியது. அரசாங்க வைத்தியசாலையொன்றின் புற்றுநோய் விடுதியில் அவர் பல வாரங்கள் இருந்தார். காலையில் பார்க்கச் செல்லும்போது அவர் முதலில் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, இராத்திரியும் நித்திரை இல்லையடா."

அவ்விடுதியில் இரவுக் கடமைக்கு வரும் தாதி ஒருவர் சீ.ஆர். கொப்பியொன்றை வைத்திருந்தார். கட்டில் இலக்கம், நேரம், நோவின் அளவு என மூன்று நிரல்கள். இரவில் விழித்திருக்கும் ஒவ்வொருவரிடமும் சென்று, "நோ ஒன்றுமே இல்லையெண்டால் பூச்சியம், தாங்கவே ஏலாதெண்டால் பத்து. இப்ப எத்தினை அக்கா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். நான் பத்திரிகைக்காரன் என்பதை அறிந்த ஒரு நாள், கடமை முடிந்து போகும் வழியில் அக்கொப்பியை என்னிடம் விரித்துக் காட்டினார். ஆறு வாரங்களின் இரவுகள் அதில் இருந்தன. அநேகமாக எல்லாக் கட்டில்களிலும் அதிகாலை 2 மணிக்குப் பின்னர் எண்கள் ஏறியிருந்தன. ஐந்து ஏழாகி, ஏழு ஒன்பதாகி, காலை 6 மணி மாத்திரை கொடுக்கப்பட்டபின் மெல்ல இறங்கியிருந்தன.

காரணத்தையும் அவரே விளக்கினார். மோபின் மாத்திரை காலை 6 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இரவு 10 மணிக்கும் கொடுக்கப்பட்டது. சாதாரண மோபின் மாத்திரையின் வலு ஏறத்தாழ நான்கு மணித்தியாலங்களே நிற்கும். பகலில் இடையில் நோ கூடினால் நோயாளர் கேட்டு வாங்கிக்கொண்டனர். இரவில் அவர்கள் கேட்கவில்லை. "மற்ற ஆக்களின்ர நித்திரையைக் குழப்பக்கூடாது, மிஸிக்கும் கரைச்சல் குடுக்கக்கூடாது எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடக்கினம் ஐயா. நாங்கள் அவை நித்திரை எண்டு நினைச்சுக்கொண்டு போறம்" என்றார்.

இளம் வைத்தியர் ஒருவர் அக்கொப்பியைப் பொறுமையாகப் பார்த்தார். சிலருக்கு மாத்திரையின் நேரங்களும் அளவும் மாற்றப்பட்டன. அவர்களுள் அக்காவும் ஒருவர். அடுத்த வாரம் அக்கட்டில்களுக்கு நேரே இருந்த எண்கள் மூன்று, இரண்டு என இறங்கின. அக்கா நித்திரை கொண்டார். அவரது நோயில் எந்த மாற்றமும் நிகழவில்லை. அவரது இரவுகள் மாறின. அவருக்கு மீதமிருந்த காலத்தில் அது சிறிய விடயமன்று.

இதனை முறையான ஆய்வாக எழுதுவதற்கு அத்தாதி விரும்பினார். மேலதிகாரி ஒருவரிடம் கேட்டபோது கிடைத்த பதில், "ஆராய்ச்சி கம்பஸ் ஆக்களின்ர வேலை, நீர் உம்மட வேலையைப் பாரும்" என்பதாகும். சில மாதங்களில் வருடாந்த இடமாற்றத்தில் அவர் வேறொரு மாவட்டத்துக்குச் சென்றார். அவ்வைத்தியரும் மேற்படிப்புக்காகச் சென்றுவிட்டார். விடுதியில் மீண்டும் 6, 2, 10 என்ற பழைய ஒழுங்கு திரும்பியது. அவ்வாண்டின் இறுதியில் அக்கா காலமானார்.

அந்த மேலதிகாரியின் பதில் தனியொருவரின் குணக்குறை என்று நான் கருதவில்லை. ஆய்வு என்றால் ஆய்வுகூடம், நுணுக்குக்காட்டி, வெள்ளை அங்கி அணிந்த விஞ்ஞானி என்று எண்ணிப் பழகிய ஒரு சமூகத்தின் பதில் அது. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். பின்னர் இவ்விடயம் பற்றி வாசிக்கத் தொடங்கியபோதுதான், அக்கொப்பிக்கு நீண்டதொரு பரம்பரை உண்டு என்பதை அறிந்துகொண்டேன்.

பாடசாலைப் புத்தகம் எமக்குக் கற்பித்த புளோரன்ஸ் நைட்டிங்கேல், விளக்கேந்திய கருணை வடிவம். கிரைமிய யுத்தத்தில் படைவீரர் காயங்களால் இறந்ததைவிடச் சுகாதாரக் கேட்டினால் விளைந்த நோய்களால் இறந்ததே அதிகம் என்பதை எண்களாலும் வரைபடங்களாலும் நிறுவிய நைட்டிங்கேலைப் பற்றி அப்புத்தகம் பேசவில்லை. விளக்கை எமக்குக் காட்டியவர்கள் அவரது கணக்குக் கொப்பியை மறைத்துவிட்டார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

புற்றுநோய்ப் பராமரிப்பில் இதற்கு ஒப்பான பெயர் சிசிலி சோண்டர்ஸ். இரண்டாம் உலக யுத்த காலத்தில் லண்டனில் தாதியாகப் பயின்றவர். முதுகு வருத்தத்தால் அத்தொழிலைத் தொடர முடியாமல் வைத்தியசாலைச் சமூக சேவையாளரானார். பின்னர் மரணத் தறுவாயிலுள்ளோரைப் பராமரிக்கும் சென் லூக்ஸ் என்ற இல்லத்தில் தன்னார்வத் தாதியாகப் பணியாற்றினார். அங்கு மோபின், நோ வந்து நோயாளி கேட்டபின் கொடுக்கப்படாமல், நோ திரும்புவதற்கு முன்னரே நேரந்தவறாமல் கொடுக்கப்படுவதை அவர் கண்டார். அக்காலத்தில் பெரும்பாலான வைத்தியசாலைகளில் நோயாளி கெஞ்சும்வரை காத்திருப்பதே வழக்கம். முன்கூட்டியே கொடுத்தால் நோயாளி போதைக்கு அடிமையாவார் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

சோண்டர்ஸ் மருத்துவம் படித்து 1957இல் வைத்தியரானார். ஹக்னியிலுள்ள சென் ஜோசப்ஸ் இல்லத்தில் நூற்றுக்கணக்கான நோயாளரின் விபரங்களை ஒழுங்காகக் குறித்தார். அவர்களது பேச்சை ஒலிப்பதிவு செய்தார். நேரந்தவறாமல் மருந்து கொடுத்தால் நோவும் அடங்கும், நோயாளி தெளிவாகவும் இருப்பார் என்பது அக்குறிப்புகளின் துணையோடு நிலைநாட்டப்பட்டது. 1967இல் அவர் லண்டனில் தொடக்கிய சென் கிறிஸ்ரோபர்ஸ் இல்லம், இன்று உலகெங்கும் பரவியுள்ள நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு வித்திட்டது. லண்டனில் அவர் குறித்த அதே விடயத்தை, அவரது பெயரையும் அறியாமல், எமது நாட்டுத் தாதி ஒருவர் சீ.ஆர். கொப்பியில் குறித்திருந்தார். அரை நூற்றாண்டுக்கு முன்னர் விடைகாணப்பட்ட வினாவொன்று ஒரு விடுதியில் மீண்டும் முதலிலிருந்து கேட்கப்பட வேண்டியிருந்தது. ஆய்வு செய்வது எவ்வளவு முக்கியமோ, செய்த ஆய்வு கட்டிலடிக்கு வந்து சேர்வதும் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

தாதியரின் ஆய்வுகளை வாசிக்கும்போது என்னை மிகவும் கவர்ந்தது, அவர்கள் எடுத்துக்கொண்ட வினாக்களின் எளிமை. இரசாயன சிகிச்சை பெறுவோர் பலருக்கு வாய் வெந்து புண்ணாகும். உமிழ்நீர் விழுங்குவதும் வேதனையாகும். அதற்கெனப் பலவகை வாய் கொப்பளிக்கும் திரவங்கள் விற்கப்படுகின்றன. கலிபோர்னியாவைச் சேர்ந்த தாதியியல் ஆய்வாளர் மேரிலின் டொட்டும் அவரது குழுவினரும் அவற்றுள் மூன்றை ஒப்பிட்டனர். ஒன்று குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிகொல்லி. இரண்டாவது, மரப்பு மருந்து உட்படப் பல மருந்துகள் கலந்த, மந்திரக் கலவை என்று பெயர் பெற்ற திரவம். மூன்றாவது உப்பும் அப்பச்சோடாவும் கரைத்த நீர். மூன்று பிரிவினருக்கும் ஒரே வகையான வாய்ச் சுத்தப் பராமரிப்புக் கற்பிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு வெளியான முடிவு, புண் ஆறுவதற்கு எடுத்த காலத்தில் மூன்றுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதாகும். விலை குறைந்தது உப்பும் சோடாவுமே.

எந்த மருந்துக் கம்பனியும் இவ்வாய்வைச் செய்யப் பணம் தராது. உப்பை விற்று இலாபம் காண்பவர் எவருமில்லை. ஆனால் வெற்றிலையும் புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கத்தால் ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முதலிடம் வகிக்கும் எமது நாட்டில், 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது வைத்தியசாலைகளில் சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாடு நிலவிய எமது நாட்டில், இத்தகைய முடிவொன்றின் பெறுமதி என்னவென்று சொல்லத் தேவையில்லை. வறிய நாட்டுக்கு ஆய்வு ஆடம்பரம் என்பார்கள். எந்தச் செலவு வீண் செலவு என்பதை அறியாதிருப்பதுதான் வறிய நாட்டுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம்.

இன்னொரு ஆய்வை என்னால் மனம் நோகாமல் எழுத முடியாது. அக்கா கதிர்ச் சிகிச்சை பெற்ற நாட்களில் அவருக்குப் பெருஞ்சோர்வு ஏற்பட்டது. "வருத்தக்காரி நடக்கக்கூடாது, படுத்திருக்கட்டும்" என்று உறவினர் அனைவரும் ஒருமுகமாகக் கூறினோம். கிணற்றடிக்கு எழுந்து போனாலும் ஏசினோம். படுக்கப் படுக்கச் சோர்வு கூடியது. சோர்வு கூடக்கூட நாம் மேலும் படுக்கவைத்தோம். அக்காவின் சிகிச்சைக்கு நெடுங்காலம் முன்னரே, மேரில் வின்னிங்ஹாம் என்ற தாதி 1980களில் தமது சக ஆய்வாளருடன் சேர்ந்து, இரசாயன சிகிச்சை பெறும் பெண்களை அளவான உடற்பயிற்சியில் ஈடுபடுத்தி, அவர்களது உடல்வலு கூடுவதைக் காட்டியிருந்தார். ஓய்வே மருந்து என்ற எண்ணத்துக்கு நேர்மாறான முடிவு அது. 1997இல் விக்ரோரியா மொக் என்ற தாதியும் அவரது குழுவினரும், மார்பகப் புற்றுநோய்க்காகக் கதிர்ச் சிகிச்சை பெற்ற 46 பெண்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டனர். தம்மால் இயன்ற வேகத்தில் வீட்டுச் சூழலிலேயே ஒழுங்காக நடந்தவர்களுக்குச் சோர்வும் பதற்றமும் நித்திரைக் குறைவும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. பின்வந்த ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்தின. எலும்பில் நோய் பரவியோர் போன்ற சிலருக்கு வைத்தியரின் ஆலோசனை அவசியம் என்பது வேறு விடயம். எம் வீட்டு முற்றத்தில் மாலையில் பத்து நிமிடம் நடக்க அக்காவுக்கு அன்று எத்தடையும் இருக்கவில்லை, எமது அறியாமையைத் தவிர.

தாதியரின் ஆய்வு ஆறுதலை மாத்திரமே தரும், ஆயுளைத் தராது என்று எண்ணுவோரும் உளர். 2000ஆம் ஆண்டு ரூத் மக்கோர்க்கிள் என்ற தாதியியல் பேராசிரியரின் குழு வெளியிட்ட ஆய்வு அவர்களைச் சற்றுச் சிந்திக்க வைக்கும். சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய, 60 வயதுக்கு மேற்பட்ட 375 புற்றுநோயாளர் இதிற் பங்குகொண்டனர். ஒரு பகுதியினருக்கு வழமையான பராமரிப்பு. மற்றையோருக்கு மேலதிகமாக, சிறப்புப் பயிற்சி பெற்ற தாதியர் நான்கு வாரங்களில் மூன்று தடவை வீட்டுக்குச் சென்றும் ஐந்து தடவை தொலைபேசியில் அழைத்தும் கவனித்தனர். நோய் முற்றிய நிலையிலிருந்தவர்களுள் இரண்டு ஆண்டுகளின் பின் உயிருடனிருந்தோர், தாதியர் கவனித்த பிரிவில் 67 சதவீதம். மற்றைய பிரிவில் 40 சதவீதம். ஆரம்ப நிலை நோயாளரிடம் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு எல்லாம் நிரூபணமாயிற்று என நான் கூறவரவில்லை. ஆயினும் காய்ச்சல் தொடங்குவதை, காயம் சீழ் பிடிப்பதை, நோயாளி சாப்பிடாமல் விடுவதை நேரகாலத்துடன் காணும் பயிற்சி பெற்ற கண்ணொன்று வீட்டுக்கு வருவதனால் விளையக்கூடிய நன்மை எத்தகையது என்பதை அது கோடிகாட்டுகிறது.

இதிலும் முக்கியமானது, 2009இல் மேரி பக்கிற்றாஸ் என்ற தாதியின் தலைமையில் வெளியான ஆய்வு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர், வேர்மொன்ட் பகுதிகளின் கிராமப்புறத்தில் முற்றிய புற்றுநோயுடையோர் 322 பேர் அதில் அடங்கினர். நெடுந்தூரம் பயணஞ்செய்து வைத்தியசாலைக்கு வரவேண்டியவர்கள். தாதியர் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, நோவைச் சமாளிப்பது, குடும்பத்தாருடன் பேசுவது, வைத்தியரிடம் எதைக் கேட்பது என்பனபற்றி ஒழுங்குமுறையாகக் கலந்துரையாடினர். அவர்களது வாழ்க்கைத் தரமும் மனநிலையும் மற்றவர்களைவிட மேம்பட்டன. நோய் அறிகுறிகளின் கடுமையிலோ, வைத்தியசாலையில் தங்கிய நாட்களிலோ குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை என்பதையும் அவ்வாய்வாளர் மறையாது எழுதினர். முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் விடியற்புறம் பஸ் ஏறிச் சிகிச்சைக்குப் போகும் எம்மவரை நினைத்துக்கொண்டு இதனை வாசித்தேன். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று எமது கிராமங்களில் அரிது.

அப்படியானால் மேல்நாட்டார் கண்ட முடிவுகளை மொழிபெயர்த்தால் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். பாதி வேலைக்கு அது போதும். மறுபாதி எம்மவரால் மாத்திரமே செய்யப்படக்கூடியது. நோயாளிக்கே நோயின் பெயரைச் சொல்லாது குடும்பம் ஒளித்துவைக்கும் வீட்டில், தாதி எதைப் பேசலாம், எவ்வாறு பேசலாம்? கிரந்தி, குளிர்மை எனப் பத்தியம் காத்து, உண்ண வேண்டிய வேளையில் உண்ணாதிருக்கும் நோயாளியை எவ்வாறு இணங்கவைப்பது? வாய்ப் புற்றுநோயாளி விழுங்கக்கூடியதாகவும் உடலுக்குப் போதியதாகவும் எங்கள் அடுக்களையில் கிடைப்பவற்றைக் கொண்டு கஞ்சி காய்ச்சுவது எவ்விதம்? மார்பில் கட்டியைக் கண்டும், வெட்கத்தாலும் பிள்ளைகளின் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயத்தாலும் மாதக்கணக்காக மறைத்த பெண்கள், கடைசியில் யாரிடம் முதலில் வாய்திறக்கின்றனர்? இவ்வினாக்களுக்கு பென்சில்வேனியாவில் விடை கிடையாது. விடுதியில் அவர்களோடு எட்டு மணித்தியாலம் நிற்பவர்களுக்கே இவ்வினாக்கள் தோன்றும்.

எமது நாட்டில் தாதியர்க்குப் பட்டக் கல்வி இல்லாமலில்லை. திறந்த பல்கலைக்கழகம் 1994இல் அதனைத் தொடங்கியது. யாழ்ப்பாணம், கிழக்கு உட்பட ஏனைய பல்கலைக்கழகங்களிலும் பின்னர் தாதியியல் பட்டநெறிகள் உருவாயின. அங்கு பயிலும் மாணவர் ஆண்டுதோறும் ஆய்வுக் கட்டுரைகள் எழுதுகின்றனர். அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் புள்ளி வழங்கப்பட்டபின் நூலக அலுமாரிக்குள் போகின்றன. விடுதியில் நிற்கும் தாதிக்கும், கட்டிலருகே துணைக்கு நிற்கும் தாய்க்கும் மகளுக்கும் அவை எட்டுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்த மண் இது. அந்த மண்ணில், வாய்ப்புண்ணுக்கு உப்புநீர் கொப்பளிப்பது எவ்வாறு என்ற ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை நோயாளியின் கையில் கொடுப்பது இயலாத காரியமன்று.

என் கருத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. நாற்பது நோயாளருக்கு இரண்டு தாதியர் ஓடித்திரியும் விடுதியில் ஆய்வு எங்ஙனம் நடக்கும் என்பதே அது. 2022இன் பின்னர் தாதியர் பலர் கடல்கடந்து போய்விட்டனர் என்பதும் உண்மை. ஆயினும் தாதியர் போதாது என்பதை ஆட்சியாளர் செவியில் ஏற்றியதும் ஓர் ஆய்வே. லின்டா எய்க்கன் என்ற தாதியியல் பேராசிரியர் 2002இல், பென்சில்வேனியாவின் 168 வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை பெற்றோரின் விபரங்களை ஆராய்ந்து, ஒரு தாதி கவனிக்கவேண்டிய நோயாளர் தொகையில் ஒருவர் கூடும்போது 30 நாட்களுக்குள் இறக்கும் அபாயம் 7 சதவீதம் கூடுவதாகக் காட்டினார். கோஷங்களால் ஆகாததை அவ்வெண் செய்தது. எமது தொழிற்சங்கங்களும் சம்பளக் கோரிக்கையுடன் இத்தகைய எண்ணொன்றையும் கையில் வைத்திருந்தால், பத்திரிகைகளாகிய நாமும் வேறுவிதமாக எழுதியிருப்போம்.

நான் கேட்பவை பெரியவை அல்ல. புற்றுநோய் விடுதி ஒவ்வொன்றிலும் ஒரு தாதிக்கேனும் வாரத்தில் அரைநாள் இதற்கென ஒதுக்கப்படட்டும். நெறிமுறை அனுமதி பெறவும் கணக்குப் பார்க்கவும் அருகிலுள்ள பல்கலைக்கழகம் அவருக்கு உதவட்டும். இடமாற்றத்தில் தாதி போனாலும் அவர் கண்டறிந்தது விடுதியிலேயே தங்கும் வகையில் அது எழுதப்பட்டு, அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கப்படட்டும். ஒவ்வோர் ஆய்வின் முடிவும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் வெளிவரட்டும். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுப்பிய நாடு இது. 2013இல் அதன் கதவுகள் திறந்தபோது இனம், மொழி கடந்து எல்லோரும் மகிழ்ந்தோம். கட்டடத்துக்காக அத்தனை தூரம் நடந்த மக்கள், கட்டிலடியில் எழுதப்படும் ஒரு கொப்பிக்காகவும் சிறிது சிந்திப்பார்கள் என்று நம்புகிறேன்.

அன்று அத்தாதி கொப்பியை விரித்துக் காட்டியபோது, "பேப்பரில போடுங்கோ ஐயா, என்ர பேர் வேண்டாம்" என்றார். போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அலுவலகம் சென்றேன். அன்று மாலை அமைச்சர் ஒருவர் எங்கோ ஒரு வைத்தியசாலையில் நாடா வெட்டிய படம் வந்திருந்தது. முதற்பக்கத்தில் அதற்கு நான்கு நிரல் ஒதுக்கியவன் நான்தான்.